ஏழு கோப்பிலும் ஒரே மண்

பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் வாசல் காவலாளியிலிருந்து ஆணையர் வரை எல்லோருக்கும் அவள் ஏனக்கா. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் "ஏன்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குவாள். பிறப்பு இறப்புப் பதிவில் இருந்த காலத்தில், ஒரே தெருவில் ஒரே மாதத்தில் நாலு ஜோடி இரட்டைக் குழந்தைகள் பிறந்தது ஏன் என்று குடைந்து, ஆஸ்பத்திரி குமாஸ்தா ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு தரம் அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். குடிநீர் வரிப் பிரிவுக்குப் போனாள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் மாதாமாதம் அவ்வளவு தண்ணீர் ஓடுவது ஏன் என்று கேட்டு, மேலதிகாரியின் மச்சானை வம்பில் மாட்டிவிட்டாள். அதற்குக் கிடைத்த பரிசாகத்தான் அவளை நிலச் சுத்திகரிப்புக் கடன் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பிரிவு. மூன்று மேஜை, ஒரு ஜன்னல், காலால் ஒரு உதை விட்டால்தான் மூடுகிற இரும்பு அலமாரி. யாரும் அங்கே விரும்பி வந்ததில்லை. வேலை என்னவோ சுலபமாகச் சொல்லிவிடக் கூடியதுதான். ஊருக்குள் மூடிய பெட்ரோல் பங்க், முலாம் பூசுகிற பட்டறை, சாயத் தொட்டிகள் இருந்த கொட்டகை என்று எத்தனையோ மனைகள் சும்மா கிடந்தன. மேலே பார்த்தால் புல், கீழே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. அதனால் எந்த வங்கியும் கிட்டவே வராது. இப்படிப்பட்ட நிலத்தைச் சுத்தம் செய்து கட்டடம் கட்ட முன்வருகிறவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க அரசாங்கம் நகராட்சியிடம் ஒரு தொகையைக் கொடுத்து வைத்திருந்தது. ஒருவர் திருப்பிக் கட்டுகிற பணம் அடுத்த நிலத்துக்குப் போகும்.

வந்த புதிதில் ஏனக்கா மூக்கால் அழுதாள். இரண்டே மாதத்தில் அந்த அறையை விட்டு வேறெங்கும் போக மாட்டேன் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். மற்ற பிரிவுகளில் மனிதர்களைக் கேட்க வேண்டும், அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இங்கே மண்ணைக் கேட்கலாம். ஒரு பழைய பெட்ரோல் பங்க் கோப்பில், வரைபடத்தில் மூன்று தொட்டிதான் இருக்கும்போது நாலு குழாய் தரைக்குள் போவது ஏன் என்று கேட்டாள். தோண்டினால் நாலாவது தொட்டி பாதி நிரம்பிக் கிடந்தது. அந்தப் பெருமையில் அடுத்த மாதமே, ஒரு மனையில் மரங்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது ஏன் என்று இரண்டு நாள் அலைந்தாள். காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது என்று ஒரு ஐஸ் வண்டிக்காரர் சொன்ன பிறகு பேசாமல் திரும்பி வந்தாள்.

அவளுடைய கணவரும் இதே தொழிலில்தான் இருந்தார். மண்ணைச் சோதிக்கிற தனியார் கம்பெனி ஒன்றில் குழிக்காரர். இரும்புக் குழாயைத் தரையில் திருகி இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலிருந்தும் மண்ணை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அந்த அறிக்கைதான் கடைசியில் ஏனக்காவின் மேஜைக்கு வரும். புருஷன் தோண்ட, பெண்டாட்டி துருவ என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். கடனைத் தீர்மானிக்கிற அதிகாரம் அவளிடம் இல்லாததால் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால் இருவரும் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு ஒப்பந்தம். நாள் முழுக்கக் கேள்வி கேட்டவளுக்கு வாய் ஓய வேண்டும், நாள் முழுக்கக் குழாய் திருகியவருக்குத் தோள் ஓய வேண்டும்.

குழிக்காரர் அதிகம் பேசாதவர். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டுத் தக்காளியும் அவரையும் கீரையும் வளர்த்தார். காய் பறிக்கிற அன்று மட்டும் முகத்தில் ஒரு பெருமை தெரியும். எட்டு மாதமாக அந்தத் தோட்டத்துக்கு ஒரு எஜமானியும் வந்திருந்தாள். மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் மகளும் இரண்டு வயதுப் பேத்தியும் இவர்களோடுதான் இருந்தார்கள். பேத்தி ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போனால் மாலை வரைக்கும் பாத்தியை விட்டு நகர மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மாவின் கோப்பு வந்தது. முப்பது வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூடிக் கிடந்த ஒரு பேட்டரிப் பட்டறை மனையை வாங்கி, வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் கட்டப்போகிறார். முப்பது குழந்தைகளுக்கு இடம். ஐந்தாறு தாய்மார்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் பல வருஷம் பழைய பேட்டரிகளை உடைத்ததால் மனையில் ஈயம் கிடந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தேடிப் போகும். தவழ்கிற பிள்ளை உட்காரப்போகிற மண்ணில் தப்பு நடந்துவிடக் கூடாது என்று ஏனக்கா அந்தக் கோப்பை மற்றதைவிட நிதானமாகப் பிரித்தாள்.

அறிக்கை நல்ல செய்திதான் சொன்னது. மேலே அரை மீட்டர் மண்ணை அள்ளி அப்புறப்படுத்தினால் போதும். அதற்குக் கீழே ஈயம் கிலோவுக்கு நூற்று முப்பது மில்லிகிராம்தான். குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு எண்பதைத் தாண்டக் கூடாது என்று சட்டம். ஆனால் அதில் ஒரு விலக்கும் இருந்தது. அந்த வட்டாரத்து மண்ணிலேயே இயற்கையாக அதற்கு மேல் இருந்தால், இயற்கைக்குக் கீழே போகச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. இந்த இயற்கை அளவைத் தெரிந்துகொள்ள, மனைக்கு வெளியே, தொழில் எதுவும் நடக்காத ஓர் இடத்திலிருந்து ஒரு ஜாடி மண் எடுப்பார்கள். அதற்கு ஒப்பீட்டு மண் என்று பெயர். நர்ஸம்மாவின் கோப்பில் ஒப்பீட்டு மண்ணின் அளவு நூற்று நாற்பத்தாறு. ஆகவே நூற்று முப்பது என்பது சுத்தம்.

ஏனக்காவுக்கு அந்த நூற்று நாற்பத்தாறு தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்தியது. ஊர் மண்ணில் சும்மாவே அவ்வளவு ஈயம் இருக்குமா? அலமாரியைத் திறந்து, ஈயம் சம்பந்தப்பட்ட பழைய கோப்புகளை எல்லாம் இறக்கினாள். நர்ஸம்மாவுடையதையும் சேர்த்து, ஆறு வருஷத்தில் ஏழு கோப்பு. ஒப்பீட்டு மண்ணின் அளவை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். மனைகள் இருந்த இடத்தின்படி அடுக்கிப் பார்த்தாள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தேதிப்படி அடுக்கினாள். பத்தொன்பது, இருபத்து நாலு, முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, எண்பத்தெட்டு, நூற்றுப் பதினொன்று, நூற்று நாற்பத்தாறு. மாடிப்படி வைத்ததுபோல் ஏறிக்கொண்டே போனது.

பிரிவு அதிகாரிக்கு அவளுக்கு மகனாகிற வயதுதான், நல்லவர், கோப்பு நகர்ந்தால் சந்தோஷப்படுகிறவர். அவரிடம் தாளைக் காட்டினாள்.

"ஊரோட ஏழு மூலையில எடுத்த மண்ணு சார். அது எப்படி வருஷா வருஷம் ஒழுங்கா ஏறும்? மண்ணுக்கு வயசாகுதா?"

ஒவ்வொரு இடத்து மண் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்றார் அவர். அப்படியென்றால் எண்கள் முன்னேயும் பின்னேயும் அல்லவா போக வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, மாதக் கடைசிக்குள் இந்தக் கடனுக்கு ஒப்புதல் கொடுக்காவிட்டால் தொகை திரும்பிப் போய்விடும் என்று மட்டும் நினைவுபடுத்தினார். வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்டிருந்தால் ஒரு வாய் வார்த்தையில் முடிந்திருக்கும். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று அவள் இருந்துவிட்டாள். உள்ளதைச் சொன்னால், புதிர் அதற்குள் தீர்ந்துவிட வேண்டாம் என்கிற ஆசையும் அவளுக்கு இருந்தது.

மறுநாள் மதியம் பஸ் பிடித்துப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அறிக்கையில் எண்கள் மட்டும்தான் போகும், ஆனால் ஒவ்வொரு ஜாடியையும் திறந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் சொந்த நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் அவளுக்கு. மீதி மண்ணையும் ஜாடியோடு பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஏனக்கா கேட்ட ஏழு ஜாடிகளையும் அந்தப் பெண் தேடி எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். தன்னுடைய நோட்டை இப்படி ஒருத்தி கேட்டு வந்தது அவளுக்கும் உற்சாகமாக இருந்தது.

ஏழும் கறுப்பு மண். ஏழும் பொலபொலவென்று, இன்றைக்குத் தோண்டியதுபோல இருந்தன. பேட்டரிப் பட்டறை இருந்த பக்கம் செம்மண்ணும் கப்பியுமாக இருக்கும் என்பது ஏனக்காவுக்குத் தெரியும். பெட்ரோல் பங்க் பக்கம் களிமண். அப்படியிருக்க, ஏழு மூலையிலும் ஒரே கறுப்பு மண் எங்கிருந்து வந்தது? நோட்டைப் புரட்டினார்கள். "மண்புழு உண்டு. வெள்ளை ஓட்டுத் துண்டுகள், முட்டை ஓடாக இருக்கலாம்." அடுத்ததிலும் முட்டை ஓடு. அதற்கு அடுத்ததில் முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும். யாரோ தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்று பரிசோதனைக்கூடத்துப் பெண் சொன்னாள். ஏனக்காவுக்குக் கண்டுபிடித்துவிட்ட குஷியில் கன்னம் சூடேறியது. யாருடைய தோட்டம் என்று அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கடைசி ஜாடியில இது கூட இருந்துச்சுக்கா," என்று அந்தப் பெண் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே நடுவில் துளை போட்ட ஒரு சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் நட்சத்திரம் இருந்தது.

அதைக் கோத்தவளே ஏனக்காதான். பேத்தியின் கைக்குப் பன்னிரண்டு நட்சத்திரம் வைத்து ஒரு வளையல். ஒரே வாரத்தில் அறுந்து தோட்டம் முழுக்கச் சிதறியது. பதினொன்றைத்தான் பொறுக்க முடிந்தது. பன்னிரண்டாவதைப் பிள்ளை விழுங்கிவிட்டாளோ என்று மூன்று நாள் பயந்தார்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் போனாள். பேத்தி பாத்தி ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கரண்டியால் கறுப்பு மண்ணைக் கிண்டி, ஒரு வாய் தனக்கும் ஒரு வாய் பொம்மைக்குமாக ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏனக்கா அவளை அள்ளிக்கொண்டு போய்க் கையையும் வாயையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிள்ளை வீறிட்டு அழுதது. மகள் ஓடிவந்து என்னவென்று கேட்டதற்கு, இன்றைக்குத் தோட்டத்துக்கு விடாதே என்று மட்டும் சொல்ல முடிந்தது.

ஐந்து மணிக்குக் குழிக்காரர் வந்தார். தினமும் செய்வதுபோல வண்டியிலிருந்து இரும்புக் குழாய்களையும் பூட்ஸையும் இறக்கி, தோட்டத்துக் குழாயடியில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். குழாய்க்குள் கம்பி விட்டு மூன்று தரம் அலசுவார். தெருவிலேயே யாரும் சாப்பாட்டுத் தட்டைக் கூட அவ்வளவு சுத்தமாகக் கழுவ மாட்டார்கள். கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாக அழுக்குத் தண்ணீர் ஓடிப் பாத்தியில் இறங்கியது. ஆறு வருஷமாகச் சமையலறை ஜன்னலில் நின்று இதைப் பார்த்திருக்கிறாள். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள் இதை ஒரு நாளும் கேட்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து கேட்டாள்: "அந்த ஒப்பீட்டு மண்ணை எங்கேருந்துங்க எடுக்கிறீங்க?"

"இங்கேருந்துதான்," என்றார் அவர், பிரஷ்ஷை நிறுத்தாமல். "குழாயடியில. ஈரமா இருக்கும், சுலபமா வரும்."

மறைக்கிற எண்ணமே அவரிடம் இல்லை. முதல் வேலைக்குப் போனபோது சுற்றுவட்டாரத்தில் நல்ல இடம் தேடி அரை நாள் அலைந்தாராம். ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் இடிந்த கட்டடத்துக் கப்பி, இன்னொரு பக்கம் எதைக் கொட்டினார்கள் என்றே தெரியாத மேடு. தெரியாத மண்ணை எடுத்துச் சுத்தமான மண் என்று சீட்டு ஒட்ட அவருக்கு மனசு வரவில்லை. தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சுத்தமான மண் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று வீட்டிலிருந்து கொண்டுபோனார். பத்தொன்பது என்று முடிவு வந்தது. பார்த்தாயா என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அன்றிலிருந்து அதே மண். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் கருவிகளைக் கழுவ வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. எங்கே கழுவுவது என்று எழுதவில்லை, கழுவ ஒரு இடமும் கொடுக்கவில்லை.

ஏனக்கா தாளை நீட்டினாள். அந்த ஏழு எண்களுக்கு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர்க் குழாயை மூடினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தக்காளிச் செடிகளைப் பார்த்தார்.

"காலையில கூட அவளுக்கு ஒரு பழம் பறிச்சுக் குடுத்தேன்," என்றார்.

அவளுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்ச் சமையலறையில் இருந்த தக்காளியையும் கீரையையும் ஒரு பையில் கட்டிப் போட்டாள். நர்ஸம்மாவின் கோப்பில் உண்மையை எழுதினால் குழிக்காரரின் வேலை போய்விடும். எழுதாவிட்டால் முப்பது பிள்ளைகள் அந்த நூற்று முப்பதின் மேல் உட்காரும். முந்தைய ஆறு நிலங்களில் மூன்றில் இப்போதே குடும்பங்கள் இருந்தன. இருவருக்கும் இது தெரிந்திருந்தது.

காலையில் அவள் எழுந்தபோது, அவர் கருவிகளையெல்லாம் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வாசலில் வைத்திருந்தார்.

"எழுதிடு," என்றார். "ஆனா காசுக்காகப் பண்ணலைன்னு ஒரு வரி சேர்த்து எழுது."

"அதை யாரும் கேட்க மாட்டாங்களே."

"கேட்கலைன்னாலும் எழுது."

எழுதினாள். குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒப்பீட்டு மண் எடுக்கப்பட்ட முகவரி என்கிற இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள். அவர் கேட்ட வரியை அப்படியே கடைசியில் சேர்த்தாள். அதிகாரி இரண்டு தரம் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இந்தத் தாளை அவள் எழுதவே இல்லை, தான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். புதிதாக ஒரு ஜாடி மண் எடுக்கச் சொல்லி இந்தக் கோப்பை மட்டும் திருத்திவிடலாம், பழையதைக் கிளற வேண்டாம். அவர் அவளுக்கு நல்லதை நினைத்துத்தான் சொன்னார்.

"ஏன் சார்?" என்று கேட்டாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் தாளை மறுபடி மேஜையில் விரித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

கம்பெனி ஒரே கடிதத்தில் குழிக்காரரைக் கைகழுவிவிட்டது. வீட்டில் கழுவும்படி தாங்கள் ஒருபோதும் சொன்னதில்லையாம். ஆறு பழைய நிலங்களிலும் மறுபடி குழி போட்டார்கள். நாலு தப்பித்தது, இரண்டில் இன்னும் மண்ணை அள்ள வேண்டியிருந்தது. காப்பகத்துக்கு அரை மீட்டருக்குப் பதில் ஒன்றரை மீட்டர் தோண்ட வேண்டும், கடன் தொகை இரட்டிப்பாகும், மாதக் கடைசிக் கெடுவும் தப்பியதால் ஆறு மாதம் தள்ளிப் போகும் என்று முடிவானது. நர்ஸம்மா நேராக ஏனக்காவின் மேஜைக்கு வந்து, பெயர் கொடுத்த தாய்மார்களுக்கு என்ன பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். ஏனக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில், தன் பேத்திக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளையின் நரம்பு யாருக்கும் அகப்படமாட்டேன் என்கிறது என்றாள்.

நர்ஸம்மா அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். ஒரே குத்து, பிள்ளை அழுவதற்குள் முடித்துவிட்டார். நாலு நாள் கழித்து முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டித்தான் இருந்தது. ரொம்ப இல்லை, ஆனால் தாண்டியிருந்தது. மருந்து வேண்டாம், அந்த மண்ணிலிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டால் தானாகக் குறையும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனாள். மண்ணை மாற்றியதும் சொல்லுங்கள், வருகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். குழிக்காரர் வாசலில் நின்று பஸ் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணை மாற்றுவது வாயால் சொல்வதுபோல் சுலபமில்லை. தோட்டம் முழுவதையும் தோண்டி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, இந்த மாதிரி மண்ணுக்கென்று இருக்கிற தனிக் கிடங்கில் கட்டணம் கட்டிக் கொட்ட வேண்டும். வீட்டு மனைகளுக்கும் அதே பிரிவில் சின்னதாக ஒரு கடன் திட்டம் இருந்தது. வீடு ஏனக்காவின் பெயரில்தான், அவளுடைய அப்பா கொடுத்தது. விண்ணப்பிக்க மண் அறிக்கை வேண்டும், அறிக்கைக்கு ஒப்பீட்டு மண் வேண்டும்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒரு காலி ஜாடியைக் கொடுத்தாள். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து வேலைக்குக் கிளம்பினார்கள். தெருத் தெருவாக நடந்தார்கள். அவர் மண்ணைப் பார்த்தார், அவள் ஆட்களைக் கேட்டாள். இந்த வீடு வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் ஒரு அச்சகம் இருந்ததென்று சொன்னார். பள்ளி மைதானம் ஒரு காலத்தில் குளம், எதையெதையோ கொட்டித் தூர்த்தார்கள். பூங்காவின் மண் லாரியில் வந்தது, எங்கிருந்து என்று தோட்டக்காரருக்கே தெரியாது. பயம் இருந்தும், இத்தனை வருஷம் குடியிருந்த ஊரைப் பற்றி இவ்வளவும் தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று ஏனக்காவுக்கு நடக்க நடக்க ஆர்வம் கூடிக்கொண்டே போனது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. "அந்தச் சுவரு ஏன் பாதியில நிக்குது, கேளு," என்று அவளைத் தூண்டிவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பாறை துருத்திக்கொண்டு இருந்ததால் யாருமே எதுவும் கட்டாத ஒரு சரிவில் மண் எடுத்தார்கள். பதினேழு என்று வந்தது.

வீட்டு மண் நூற்று அறுபதுக்கும் மேல் இருந்தது. விண்ணப்பப் படிவத்தை அவள் ஒரு மதியம் அலுவலகத்திலேயே நிரப்பினாள். கையெழுத்துப் போட அவரையும் வரச் சொல்லியிருந்தாள். ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது பேனா நின்றது. இந்த நிலம் மாசுபடக் காரணமானவர் யார்? விண்ணப்பதாரருக்கு அவர் என்ன உறவு? மாசுபடுத்தியவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ கடன் கிடையாது என்பது விதி. இந்த ஒரு கேள்வியால் மட்டும் பதினோரு விண்ணப்பங்களை அவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் "தெரியாது" என்று எழுதுவார்கள்.

அதிகாரி தன் மேஜையிலிருந்து மெதுவாகச் சொன்னார். "தெரியாதுன்னு எழுதிடுங்கக்கா. இதுல நான் கேள்வி கேட்க மாட்டேன். பாப்பா சீக்கிரம் வீட்டுக்கு வரணும்ல?"

பாப்பா என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். நாலே எழுத்து, யாருக்கும் கெடுதலும் இல்லை. பேனா காகிதத்தில் படுவதற்குள் குழிக்காரர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நிதானமாக, ஜாடிக்குச் சீட்டு எழுதுகிற அதே பெரிய எழுத்தில் எழுதினார். நான். கணவன். எப்படி மாசுபட்டது என்கிற கட்டத்தில், வேலை முடிந்ததும் கருவிகளை நன்றாகக் கழுவினேன் என்று எழுதினார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வந்தாள். "சரியா இருக்கு," என்றாள். இழுப்பறையைத் திறந்து, தகுதி இல்லை என்கிற முத்திரையை எடுத்துத் தன் பெயருக்கு நேராகக் குத்தினாள். தேதி போட்டாள். அதிகாரியின் தட்டில் வைத்துவிட்டு அரை நாள் விடுப்புக்கு ஒரு தாள் எழுதினாள்.

"எத்தனை மூட்டை வரும்?" என்று கேட்டாள், பையை மாட்டிக்கொண்டே.

"முன்னூறு வரும்."

"வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சிடலாம்."